ஷாட் 14: பால் அரை லிட்டர்

திருப்பதியில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெயரைச் சொன்னால் அதற்கு விளம்பரம் ஆகிவிடும் என்பதால் சொல்லப்போவதில்லை. அங்கே பதின்மூன்று வருஷமாகச் சினிமா சொல்லித் தருகிறார்கள். இத்தனை வருஷத்தில் அங்கிருந்து ஒரு சினிமாகூட வெளியே வரவில்லையே என்று யாராவது கேட்டால் அது வீண் விஷமம். வெளியே வர வேண்டுமென்றால் முதலில் உள்ளே ஒன்றை எடுத்திருக்க வேண்டும்.

கன்னிகா அங்கே இரண்டாம் வருஷம் படித்தாள். சொந்த ஊர் நாகலாபுரம். நைனா குத்தகை நிலத்தில் கத்தரி போடுகிறவர். அம்மா ரத்னம்மா ஸ்ரீசிட்டியில் இயர்போனுக்கு ஒயர் ஒட்டும் கம்பெனியில் ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. அந்த செமஸ்டரில் ஒரு பேப்பர் வந்தது: ‘இசைப்படத்துக்கான டீசர் திட்டமிடல்’. நோட்டீஸ் போர்டில் அதைப் பார்த்து மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். கன்னிகாவுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அவள் மண்டைக்குள் ஒரு இசைப்படம் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அது அம்மாவின் கம்பெனி பஸ். சாயங்காலம் ஐந்து பத்துக்குக் கேட்டை விட்டுக் கிளம்பும். உள்ளே நாற்பது பெண்கள். எட்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாத ஹாலில் ஒயர் ஒட்டிவிட்டு வருகிறவர்கள், வண்டி மெயின் ரோட்டைப் பிடித்ததும் பாட ஆரம்பிப்பார்கள். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டு. ‘சாம்பாருல முருங்கக்கா, தேடிப் பாரு தங்கச்சி, சூப்பர்வைசரு சிரிச்சாரு, ஓவர்டைமு வந்துச்சி’ என்று சென்னம்மா எடுத்துக்கொடுக்க, நாற்பது பேரும் சீட்டுக் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டு நாகலாபுரம் வரைக்கும் பாடிக்கொண்டே வருவார்கள். கல்லூரி லீவு நாள் ஒன்றில் அம்மாவை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்குப் போன கன்னிகா அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு எந்தப் படமும் பிடிக்கவில்லை.

ஆனால் அந்த மாதத்தோடு கம்பெனி ஒயர் ஒட்டும் லைனை வேறு ஊருக்கு மாற்றுகிறது. நாற்பது பேருக்கும் முப்பதாம் தேதியோடு கணக்கு முடிகிறது. அதற்குப் பிறகு பஸ் கிடையாது, பாட்டும் கிடையாது. கம்பெனியில் போன் தடை. கேட்டிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டி, ஊரில் இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள், பஸ்ஸுக்குள்ளும் யாரும் படம் பிடிக்கக் கூடாது. கன்னிகா டிரான்ஸ்போர்ட் ஆபீசரிடம் நாலு தடவை நடந்தாள். கடைசியில் அவர் மனமிரங்கி, முப்பதாம் தேதி ஒரு நாள் மட்டும் கல்லூரி லெட்டரோடு கல்லூரி கேமரா வந்தால் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

கையில் மூன்று வாரம் இருந்தது. ஒரு நிமிஷ டீசருக்கு அது தாராளம் என்று கன்னிகா நினைத்தாள். பாவம், கல்லூரியை அவள் இன்னும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை.

திட்டத்தை அழகாக நாலு பக்கம் எழுதி வரலட்சுமி மேடத்திடம் கொண்டுபோனாள். மேடம் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டிலிருந்து வந்தவர். அங்கே ஆள் அதிகம், சினிமாவில் ஆள் குறைவு என்று பிரின்சிபால் ஒரே கையெழுத்தில் இரண்டையும் சரிசெய்திருந்தார்.

“ஏமம்மா இது, பேப்பர்ல எழுதிக்கினு வந்திருக்கே? முதல்ல அப்சர்வேஷன் நோட்டு. அதுல நான் கையெழுத்து போட்டா ரெக்கார்டு நோட்டு. எய்ம் எங்க? அப்பரேட்டஸ் எங்க? புரொசீஜர், ரிசல்ட்டு எங்க?”

“மேடம், இது சினிமா.”

“லேபு இருக்குதா இல்லியா? லேபு இருந்தா ரெக்கார்டு உண்டு.”

லேப் இருந்தது. அதன் கதவில் ‘சினிமா லேப், செருப்பைக் கழற்றவும்’ என்று எழுதியிருந்தது. கன்னிகா வாயை மூடிக்கொண்டு எழுதினாள். நோக்கம்: இசைப்படத்துக்கு டீசர் திட்டமிடுதல். உபகரணங்கள்: கேமரா ஒன்று, பஸ் ஒன்று, பெண்கள் நாற்பது. இரண்டு நாள் கழித்து மேடம் புரட்டிப் பார்த்தார்.

“ரிசல்ட் காலியா இருக்கே?”

“இன்னும் எடுக்கலியே மேடம்.”

“எடுத்தப்புறம் ரிசல்ட் எழுதறதுக்கு யாரால ஆகாது? எடுக்கறதுக்கு முந்தி எழுதணும். அதான் பிளானிங்கு.”

‘டீசர் வெற்றிகரமாகத் திட்டமிடப்பட்டது, பார்வையாளர்கள் மகிழ்ந்தனர்’ என்று கன்னிகா எழுதினாள். அடுத்து மேடம் பாட்டுக்கு வந்தார். பாட்டைப் பாட்டாக எழுதினால் திருத்த முடியாது, ஃப்ளோ சார்ட்டாகப் போடு என்றார். எனவே நாற்பது பெண்களின் பாட்டு கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் மாறியது. தொடக்கம். பஸ் புறப்பட்டதா? இல்லையென்றால் திரும்ப மேலே போகவும். சூப்பர்வைசர் வண்டியில் இருக்கிறாரா? ஆம் என்றால் இருமவும். இல்லை என்றால் பாடவும். முடிவு. மேடம் அதைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “இப்பதான் மியூசிக் தெரியுது” என்றார்.

அப்புறம் பார்வையாளர் கருத்துக் கணிப்பு. ஐம்பது பேர் டீசரைப் பற்றிக் கருத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். டீசர் இல்லாதது அதற்கு ஒரு தடையாகக் கருதப்படவில்லை. எல்லாரும் பின்பற்ற வேண்டிய மாடல் ரெக்கார்டில் இருப்பதாக மேடம் சொன்ன கணக்குப்படி எழுபத்திரண்டு சதவீதம் பேருக்குப் பிடித்தது, இருபது சதவீதம் பேருக்கு மிகவும் பிடித்தது, எட்டு சதவீதம் பேருக்குப் பிடிக்கவில்லை. எட்டு சதவீதம் என்றால் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை கன்னிகா ஊருக்குப் போனாள். பிடித்ததாகக் கையெழுத்துப் போட ஆள் குவிந்தது. பிடிக்காத நாலு பேருக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. சென்னம்மாவிடம் நோட்டை நீட்டினாள்.

“இன்னும் எடுக்காத படத்த புடிக்கலன்னு நா எப்பிடிமா சொல்றது?” என்றாள் சென்னம்மா.

“மத்தவங்கல்லாம் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்களே அக்கா.”

“அது நல்லா எடுப்பேன்னு உம்மேல இருக்கற நம்பிக்க. நா மட்டும் நம்பிக்க இல்லன்னு கையெழுத்து போடணுமா? போடி, வேற ஆளப் பாரு.”

கடைசியில் நைனா, சித்தப்பா, மாவு மில்லுக்காரர், அவருடைய மச்சான் ஆகிய நால்வரும் டீசர் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன டீசர் என்று அவர்கள் கேட்கவில்லை. பிடிக்காத விஷயத்தைப் பற்றி எதற்குக் கேட்பானேன் என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ரெக்கார்டு துறைத்தலைவர் முரளிதரன் சாரின் மேஜைக்குப் போய், கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் ஒரே வரி: ‘ஷாட் 14 இல்லை.’

கன்னிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுடைய திட்டத்தில் பதின்மூன்று ஷாட்டுகள்தான். மாடல் ரெக்கார்டை வாங்கிப் பார்த்தாள். அது முதல் பேட்ச் மாணவர் ஒருவருடையது. கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதில் பதின்மூன்று ஷாட்டுகளுக்குக் கீழே, பதினாலாவதாக இப்படி இருந்தது: ‘பால் அரை லிட்டர், கொத்தமல்லி.’ அடுத்தடுத்த வருஷத்து ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தாள். பேய்ப்படம், காதல் படம், பக்திப் படம், எல்லாவற்றிலும் ஷாட் 14 பால் அரை லிட்டர், கொத்தமல்லி. ஒரு வருஷம் மட்டும் கொத்தமல்லி விட்டுப்போயிருந்தது. அந்த மாணவருக்கு இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள்.

அவள் முரளிதரன் சார் அறைக்கு ஓடினாள். அவர் சித்தூர்க்காரர். சினிமாவைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். சினிமா பார்க்க நேரமில்லாதவர்.

“சார், என் படத்துல பஸ்ஸுதான் சார் வருது. பால் எதுக்கு சார்?”

முரளிதரன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது. “சூடம்மா, இங்க பாரு. பாலுன்னா வெள்ளை. வெள்ளைன்னா திரை. திரை இல்லாம சினிமா இருக்குதா? அரை லிட்டர் ஏன்? முழுசா காட்டிட்டா அது படம். பாதி காட்டினா டீசர். கொத்தமல்லின்னா பச்சை, நம்பிக்கை. இத நான் டெல்லி செமினார்ல பேப்பரா படிச்சிருக்கேன். யாரும் ஒரு கேள்வி கேக்கல.”

“சார், முப்பதாந் தேதி கடைசி பஸ்ஸு. அதுக்குள்ள கேமரா வேணும் சார்.”

“கேமரா எங்கம்மா போவுது? பேப்பர் பேர் இன்னா? டீசர் ‘திட்டமிடல்’. எடுத்தல்னு எங்கயாவது இருக்குதா? சிலபஸ்ல இல்லாததுக்கு உனக்காக பர்மிஷன் குடுக்கறேன், என் பெருந்தன்மை. ஆனா திட்டம் சரியான்னு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சொல்லணும். அவர் முப்பதாந் தேதிதான் வர்றாரு. காலைல பத்துக்கு வைவா. பதினொண்ணுக்கு கேமரா எடுத்துக்கினு போயிடு.”

கன்னிகா கணக்குப் போட்டாள். பதினொன்றுக்குக் கிளம்பினால் மத்தியானம் ஸ்ரீசிட்டி. போதும். ஷாட் 14-ஐ எழுதினாள். கொத்தமல்லியையும் விடவில்லை.

கேமரா எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது பார்த்துவைக்கலாம் என்று ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் கோபிகிருஷ்ணன் பீரோவைத் திறந்து காட்டினார். கேமராவின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. உறையின் மேல் வருஷத்துக்கு ஒரு ஆயுத பூஜைப் பொட்டாக வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

“ஒரு கீறல் பார்த்தியாமா? வாங்கினப்போ எப்பிடியோ அப்பிடியே இருக்குது” என்றார் பெருமையாக. பிறகு அவள் கையிலிருந்த ரெக்கார்டை வாங்கிப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். முகம் என்னவோ போல் ஆனது.

“இத இன்னும் எழுதிக்கினுதான் இருக்கீங்களா?”

“எதண்ணா?”

“பாலு. அது எங்க ஊட்டு பாலுமா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான்தான் முதல் பேட்ச்சு. ஹாஸ்டல்ல ரெக்கார்டு எழுதிக்கினு இருக்கச் சொல்ல ஊட்ல இருந்து போன். வரச்சொல்ல பாலு, கொத்தமல்லி வாங்கிக்கினு வான்னாங்க. கைல கிடைச்சதுல எழுதி வெச்சேன். அடுத்த வருசம் பார்த்தா எல்லாருதுலயும் இருக்குது.”

“நீங்க சார்கிட்ட சொல்லலியாண்ணா?”

“சொன்னேனே. கையெழுத்து ஆயிட்ச்சி, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு.” அவர் பீரோவைப் பூட்டினார். “நானும் படம் எடுக்கத்தான்மா வந்தேன். எங்க குளத்து மீன்காரங்க பத்தி ஒரு கத வெச்சிருந்தேன். கேமராவாவது பக்கத்துல இருக்கட்டும்னு இந்த வேலைக்கு சேர்ந்தேன்.”

கன்னிகாவுக்கு அன்றைக்குப் பயம் வந்தது. அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி துறைத்தலைவர் அறை வாசலில் ரெக்கார்டோடு காத்திருந்தபோது, அன்றைக்கு லீவு போட்டிருந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“கன்னிகா, துன்னியா? கேளு, முப்பதாந் தேதி எல்லாரும் பூ வெச்சிக்கினு வர்றோம். புதுசா ஒரு பாட்டு கட்டியிருக்கோம். ஆளுக்கு ரெண்டு வரி. இன்னும் ஒருவாட்டிகூட சேர்ந்து பாடல, உனக்குன்னு வெச்சிருக்கோம். வண்டி அதே டைம்தான், அஞ்சு பத்து. வந்துடுவியா?”

“வந்துடுவேம்மா. எப்பிடியும் வந்துடுவேன்.”

சந்தோஷத்தில் கை தானாக எழுதியது. மடியில் இருந்தது ரெக்கார்டுதான். ஷாட் 14-க்குக் கீழே காலியாக இருந்த வரிசையில், ‘அம்மா, கடைசி பஸ், 5.10, பூ’ என்று விழுந்துவிட்டது. பார்த்ததும் பதறிப்போய் வரலட்சுமி மேடத்திடம் ஓடினாள்.

“அடிச்சா ரெக்கார்டு கேன்சல்” என்றார் மேடம். “ஒயிட்னர் போட்டா மால்பிராக்டிஸ். ஒண்ணு பண்ணு, பக்கத்துல 15-ன்னு நம்பர் போட்டுடு.”

நம்பர் போட்டாள்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு எக்ஸ்டர்னல் வரவில்லை. திருப்பதிக்குப் பரீட்சை நடத்த வருகிறவர்கள் முதலில் மலைக்குப் போய்விட்டுத்தான் கல்லூரிக்கு வருவது வழக்கம். எந்தக் கல்லூரியின் எந்தத் தேதியும் அதை அனுசரித்துத்தான் குறிக்கப்படுகிறது. அன்றைக்கு மலையில் கூட்டம். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. முரளிதரன் சார் வாசலுக்கு வந்து, “கியூ நகருதாம்” என்று மாணவர்களுக்குத் தைரியம் சொன்னார். ஒன்றரை மணிக்கு எக்ஸ்டர்னல் மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் லட்டுப் பையுமாக வந்து இறங்கினார். சாப்பிட்டார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துணுக்கு லட்டு கொடுத்தார். அதற்கு ஒரு மணி நேரம். கன்னிகாவின் முறை வந்தபோது மணி மூன்று நாற்பது.

அவர் ரெக்கார்டை ஆரம்பத்திலிருந்து பார்க்கவில்லை. நேராக ஷாட் 14-க்குப் போனார்.

“வெரிகுட். எந்தப் பால்மா? ஃபுல் கிரீமா, டோன்டா?”

“சார், நான் போகணும் சார். எங்கம்மா பஸ்ஸு கிளம்பிடும்.”

“அதான் அடுத்த ஷாட்ல இருக்கே” என்றார் அவர் ரசித்து. “பாலுக்கப்புறம் அம்மா. லாஜிக்கு இருக்குது. முரளிதரன் காரு, இந்தப் பொண்ணு தனியா யோசிச்சிருக்கு.”

முரளிதரன் சார் அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நாற்பத்தொன்பது மார்க். ஐம்பது போடுவது மரபில்லை என்று எக்ஸ்டர்னல் வருத்தம் தெரிவித்தார். பச்சை மைக் கையெழுத்து விழுந்தபோது மணி நாலு பத்து. கன்னிகா ஸ்டோருக்கு ஓடினாள். கோபிகிருஷ்ணன் உறையைப் பிரித்தார். அதைப் பிரிக்க அவருக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. கேமராவை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் சுவிட்சை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். கோபிகிருஷ்ணன் அடியில் திறந்து பார்த்தார். உள்ளே காலியாக இருந்தது.

“பேட்டரிக்குத் தனியா இண்டெண்ட்டு எழுதிப் போட்டு வாங்கணும் போலக்குதுமா” என்றார். “யாரும் போடல. இத்தினி வருசமா யாருக்கும் தெரியல.”

கன்னிகா கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் லெட்டரோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஸ்ரீசிட்டிக்கு நேரமில்லை என்று தெரிந்து நாகலாபுரம் வண்டியில் ஏறினாள். வீட்டுக்குப் போனபோது அம்மா தலையிலிருந்த மல்லிகையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாடினீங்களாம்மா?”

“இல்ல.”

“ஏம்மா?”

“நீ வருவேன்னுதான். கேட்டாண்ட டிரைவர கெஞ்சி இருவது நிமிசம் நிறுத்தி வெச்சிருந்தோம். சத்தியவேட்டுல வந்து ஏறிக்குவான்னு சென்னம்மா சொல்லிச்சி. அங்கயும் இல்ல. கூட்ரோட்ல இருப்பான்னு பாத்துக்கினே வந்தோம். அதுக்குள்ள ஊரு வந்துட்ச்சி. எல்லாம் இறங்கிப் போயிட்டாங்க.” ரத்னம்மா கோபப்படவில்லை. அதுதான் கன்னிகாவால் தாங்க முடியாததாக இருந்தது.

“இப்ப பாடும்மா. போன்ல புடிக்கிறேன்.”

“நாப்பது பேரு பாட்டுமா அது. எனக்கு நடுவுல ரெண்டு வரிதான் தெரியும்.” அம்மா பூவைத் தண்ணீர் தெளித்து மூடினாள். “பரீச்ச நல்லா எழுதினியா?”

“நாப்பத்தொன்பது” என்று சொல்லிவிட்டுக் கன்னிகா அழுதாள். நல்ல மார்க்குக்கு ஏன் அழுகிறாள் என்று நைனாவுக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் முரளிதரன் சார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய ரெக்கார்டுதான் இனி மாடல் ரெக்கார்டு, ஜூனியர்களுக்கு அவளே உட்கார்ந்து உதவ வேண்டும், இது எல்லாருக்கும் கிடைக்காத கௌரவம் என்றார். கண்ணாடி பீரோவில் கோபிகிருஷ்ணனுடையதற்கு மேல் தட்டில் அவளுடையதை வைத்திருந்தார்கள். லேபில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாற்பத்திரண்டு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் படம் விண்வெளியில் நடந்தது. இன்னொருத்தியுடையது ராஜா ராணிக் கதை. எல்லாவற்றிலும் ஷாட் 14 பால் அரை லிட்டர், கொத்தமல்லி. ஷாட் 15 அம்மா, கடைசி பஸ், 5.10, பூ.

முன்வரிசையில் கௌசிகா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

“அக்கா, ஷாட் பதினஞ்சுல சவுண்டு கட்டத்த நீங்க காலியா விட்டிருக்கீங்க. இன்னா எழுதறது? பாட்டு உண்டா?”

“இல்ல.”

“மியூசிக்கல் படமாச்சே அக்கா. ஏன் பாட்டு இல்ல?”

கன்னிகா ஜன்னலைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

“அவங்க பாடாம காத்துக்கினு இருந்தாங்க. வரவேண்டியவ வரல.”

கௌசிகா தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். “இது சவுண்டு கட்டத்துலயா அக்கா, ரிமார்க்ஸ்லயா?”

“ரிமார்க்ஸ்ல எழுது” என்றாள் கன்னிகா.

சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு ரெக்கார்டிலும் அது ஏறிவிட்டது: ‘வரவேண்டியவள் வரவில்லை.’ முரளிதரன் சார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.